ரெஃபர்டில் இரண்டு ஆர், ஆஃபர்டில் ஒன்று: எல்லாம் ஒரே லத்தீன் வேரா?

வரைவுநகல் (கேள்வி)

ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும் மெய்ப்புப் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. ரெஃபர், இன்ஃபர், கன்ஃபர், ப்ரிஃபர், டிரான்ஸ்ஃபர், ஆஃபர், சஃபர் என எல்லாச் சொல்லின் வாலிலும் ஒரே ‘ஃபர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை ஒரே வேரிலிருந்து வந்தவைதானா? அப்படியென்றால் எழுத்துக்கூட்டல் ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கிறது? ரெஃபர்ட் என்று இறந்தகாலத்தில் எழுதினால் ஆர் இரண்டு. ஆஃபர்ட் என்றால் ஒன்று. ரெஃபரன்ஸ் என்றால் அதுவும் மறுபடி ஒன்றாகிவிடுகிறது. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

இன்னொரு குழப்பம். ‘தள்ளிவை’ என்று பொருள்படும் சொல்லும் ‘வேறுபடு’ என்று பொருள்படும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் இந்த இழையில் முதலாவதை டெஃபர் என்றும் இரண்டாவதை டிஃபர் என்றும் எழுதிக்கொள்வோம். இந்த டெஃபருக்கு அகராதியில் ‘ஒத்திவை’ என்று ஒரு பொருளும், ‘மதிப்புக் கொடுத்து விட்டுக்கொடு’ என்று இன்னொரு பொருளும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையே?

வேர்க்கால்

ஒரே வேர்தான். லத்தீனில் ஃபெர்ரே என்றால் சுமத்தல், கொண்டுசெல்லல். முன்னால் ஒட்டும் சிறு சொல்தான் எந்தப் பக்கம் சுமக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. ‘ரெ’ திரும்ப, ஆக ரெஃபர் என்பது ஒரு விஷயத்தை உரிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோவது. ‘ட்ரான்ஸ்’ அக்கரைக்கு. ‘கொன்’ ஒன்றாக. ‘ப்ரை’ முன்னால்: ப்ரிஃபர் என்றால் ஒன்றை மற்றதற்கு முன்னே கொண்டுவந்து வைப்பது. கம்பெனிச் சட்டத்தில் ப்ரிஃபரன்ஸ் ஷேர் என்பதை முன்னுரிமைப் பங்கு என்கிறோமே, அதில் லத்தீனின் ‘ப்ரை’யும் தமிழின் ‘முன்’னும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஈவுத்தொகையும், கம்பெனியைக் கலைக்கும்போது போட்ட முதலும் சாதாரணப் பங்குதாரர்களுக்கு முன்பே அந்தப் பங்குதாரருக்குப் போகும்.

‘இன்’ உள்ளே: இன்ஃபர் என்பது கண்ட செய்தியிலிருந்து ஒரு முடிவுக்குக் கருத்தைக் கொண்டுசேர்ப்பது. தமிழில் இதற்கு உள்ள உய்த்துணர்தலைப் பாருங்கள். உய்த்தல் என்றாலும் செலுத்துதல், கொண்டுசேர்த்தல்தான். இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே உருவகத்தைப் பிடித்திருக்கின்றன. இன்ஃபருக்கு ‘ஊகி’ என்று போடுவதைவிட ‘உய்த்துணர்’ பொருத்தம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஊகத்துக்குச் சான்று வேண்டியதில்லை, இன்ஃபரன்ஸுக்கு வேண்டும்.

ஆஃபர், சஃபர், டிஃபர் மூன்றிலும் இரட்டை எஃப் வருவது புணர்ச்சியால். ‘ஒப்’, ‘சுப்’, ‘திஸ்’ என்ற முன்னொட்டுகளின் கடைசி மெய், அடுத்து வரும் எஃப்பாகத் திரிந்துவிட்டது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவது போன்ற திரிதல் விகாரம்தான். ‘சுப்’ என்றால் கீழே. கீழிருந்து தாங்குவது சஃபர். ‘தாங்க முடியவில்லை’ என்று தமிழில் சொல்வதும் சுமையின் மொழிதான். ரெஃபரிலும் ப்ரிஃபரிலும் முன்னொட்டு உயிரில் முடிவதால் திரிய ஒன்றுமில்லை, எஃப் ஒன்றே. ப்ராஃபர் (முன்வந்து நீட்டு) என்ற சொல்லுக்கு மட்டும் ‘ப்ரோ’ உயிரில் முடிந்தும் எஃப் இரண்டு. காரணம், பழைய பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லுக்குள் ஆஃபரே முழுதாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது முக்கியமான சங்கதி. இந்த வினைக்கு லத்தீனில் காலத்துக்குக் காலம் வேரே மாறும்: ஃபெரோ (சுமக்கிறேன்), துலி (சுமந்தேன்), லாத்தும் (சுமக்கப்பட்டது). ஆங்கிலத்தில் ‘கோ’ இறந்தகாலத்தில் ‘வென்ட்’ ஆவதுபோல. அதனால் குடும்பத்தில் பாதிப் பேர் ‘லேட்’ என்ற வாலோடு திரிகிறார்கள். டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் ஒரே வினை. ரெஃபரும் ரிலேட்டும் ஒன்று. கன்ஃபரும் கொலேட்டும் (சேர்த்து அடுக்கு) ஒன்று. சட்டம் இயற்றும் லெஜிஸ்லேட்டர் ‘சட்டத்தைக் கொண்டுவருபவர்’. மசோதா ‘கொண்டுவந்தார்’ என்று நாமும் சொல்கிறோம். இலக்கணத்தில் அப்லட்டிவ் என்றால் அப்பால் கொண்டுசெல்லப்பட்டது. நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயரை வைப்பது சரியாகவே அமைகிறது.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் லத்தீனின் எஃப், ஆங்கிலத்தின் பி, சமஸ்கிருதத்தின் ஒலிப்புடைய மூச்சொலி ‘ப’ மூன்றும் பல இடங்களில் ஒத்துப்போகும். ஃபெர்ரே, ஆங்கிலத்தில் சுமத்தலைக் குறிக்கும் ‘பேர்’, சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த ‘பாரம்’ மூன்றும் உறவு. லாத்தும், துலி இவற்றின் வேர் ‘தூக்கு’ என்பது. அதன் சமஸ்கிருதக் கிளைதான் தராசைக் குறிக்கும் துலா, நம் துலாம். லத்தீன்காரர் ஒரே வினைக்குள் கட்டிப்போட்ட இரண்டு வேர்களும் தமிழில் பாரமாகவும் துலாமாகவும் புழங்குகின்றன.

ஒற்றைமெய்

ஆர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு மனப்பாடம் தேவையில்லை. அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டால் போதும். தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் அந்த அழுத்தத்தின்மேல்தான் நிற்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். சொல்லைப் பின்னொட்டோடு முழுதாக உரக்கச் சொல்லுங்கள். ‘ஃபர்’ என்ற அசை அழுத்தம் பெற்று, பின்னொட்டு உயிரெழுத்தில் தொடங்கினால் ஆர் இரண்டு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆர் ஒன்று.

ரெஃபர், டெஃபர், இன்ஃபர், கன்ஃபர், ப்ரிஃபர், டிரான்ஸ்ஃபர் என்ற வினைகளில் அழுத்தம் கடைசியில். ஆகவே ரெஃபர்ட், டெஃபரிங், ப்ரிஃபர்ட் எல்லாவற்றுக்கும் இரட்டை ஆர். ரெஃபரல், டெஃபரல் இவற்றுக்கும் அப்படியே, ஏனென்றால் அழுத்தம் இடம் மாறவில்லை. ஆஃபர், சஃபர், டிஃபர், ப்ராஃபர் நான்கிலும் அழுத்தம் முதல் அசையில். இறந்தகாலத்தில் ஒற்றை ஆர். ரெஃபரன்ஸ், ப்ரிஃபரன்ஸ், கான்ஃபரன்ஸ், இன்ஃபரன்ஸ் என்று ‘அன்ஸ்’ ஒட்டும்போது அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடுகிறது, ஆரும் ஒன்றாகிவிடுகிறது. ப்ரெஃபரபிளும் அதே கதை. கன்ஃபர்மென்ட், டெஃபர்மென்ட் இவற்றில் அழுத்தம் ஃபரில் இருந்தாலும் பின்னொட்டு எம் என்ற மெய்யில் தொடங்குவதால் இரட்டிப்பு இல்லை.

பிரிட்டிஷ் வழக்கில் டிராவல்ட் என்பதற்கு எல் இரட்டிக்கிறதே, அழுத்தம் முதலில்தானே என்று கேட்பீர்கள். அது முக்கியமாக எல்லுக்கு உள்ள தனிச் சலுகை. ஆஃபர்டுக்கு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரே ஆர்தான்.

‘அன்ஸ்’ வாலில் ஈ வருமா ஏ வருமா என்பதும் அடிக்கடி தவறும் இடம். லத்தீனில் ‘சுமக்கிற’ என்பதற்கு ஃபெரென்ஸ், அதில் ஈ. அதனால் இந்தக் குடும்பம் முழுவதும் ஈதான். சஃபரன்ஸ் மட்டும் பிரெஞ்சு வழியில் ஏ வாங்கிக்கொண்டது.

மெய்ப்புமேசை

ஒற்றைமெய் சொன்ன விதியை அப்படியே பிடித்தால் டிரான்ஸ்ஃபரபிளில் தடுக்கி விழுவீர்கள். பலரும் அதை ஃபரில் அழுத்திச் சொல்கிறார்கள், ஆனால் அகராதிகள் முதலில் தரும் வடிவம் ஒற்றை ஆர். காசோலையிலும் பயணச்சீட்டிலும் ‘மாற்றத்தக்கதல்ல’ என்று அச்சிடுவதும் ஒற்றை ஆரோடுதான். அதை விதிவிலக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதலில் போகும், வினையாகும்போது பொதுவாகக் கடைசியில். வினையையும் முதலில் அழுத்திச் சொல்பவர்கள் உண்டு. அப்போதும் டிரான்ஸ்ஃபர்டில் ஆர் இரண்டுதான்.

இனி நம் ஊர் ஆங்கிலத்தில் திருத்த வேண்டியவை.

கன்ஃபர். ‘அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது’ என்பதை ‘அவர் பட்டத்தோடு கன்ஃபர் செய்யப்பட்டார்’ என்ற அமைப்பில் ‘வித்’ போட்டு எழுதுகிறார்கள். தவறு. கன்ஃபர் செய்யப்படுவது பட்டம், ஆள் அல்ல. பட்டத்தை எழுவாயாக்கி, ஆளுக்கு முன்னால் ‘ஆன்’ போடுங்கள். ஆள்தான் எழுவாயாக வர வேண்டும் என்றால் வினையை ‘அவார்ட்’ என்று மாற்றிவிடுங்கள். கன்ஃபர் வித் என்பதற்கு ‘ஒருவரோடு கலந்து பேசு’ என்று வேறு பொருள் ஏற்கெனவே இருக்கிறது. பட்டத்தோடு கலந்து பேச முடியாது. பெயர்ச்சொல்லும் இரண்டாகப் பிரியும்: கலந்து பேசுவது கான்ஃபரன்ஸ், வழங்குவது கன்ஃபர்மென்ட் அல்லது கன்ஃபரல்.

ப்ரிஃபர். ‘தேநீரைவிடக் காப்பி’ என்பதற்கு ‘தேன்’ போடாதீர்கள், ‘டு’ போடுங்கள். ‘ஓவர்’ இப்போது ஏற்கப்படுகிறது. இரண்டு செயல்களை ஒப்பிட்டு, ப்ரிஃபரை அடுத்து ‘டு’வோடு வினை வந்தால் மட்டும் ‘ரேதர் தேன்’ வரலாம். ‘மோர் ப்ரெஃபரபிள்’ என்று எழுதினால் ‘மோர்’ வெட்டப்பட வேண்டும். முன்னே வைத்தாகிவிட்டது, அதற்குமேல் ‘இன்னும் அதிகமாக’ எதற்கு?

இன்ஃபரும் இம்ப்ளையும். இம்ப்ளை வேறு வேர்: ப்ளிகாரே, மடித்தல். பேசுபவர் கருத்தைச் சொல்லுக்குள் மடித்து வைக்கிறார், அது இம்ப்ளை. கேட்பவர் பிரித்துப் பார்த்து முடிவுக்கு வருகிறார், அது இன்ஃபர். குறிப்பால் உணர்த்துவதும் குறிப்பால் உணர்வதும் தமிழில் எவ்வளவு தெளிவாகப் பிரிகிறதோ அவ்வளவு தெளிவாக இதையும் பிரிக்கலாம். ‘தங்கள் கடிதம் இன்ஃபர் செய்கிறது’ என்று எழுதினால் கடிதத்துக்கு உய்த்துணரும் அறிவைக் கொடுத்துவிடுகிறோம்.

ரெஃபர் பேக். ‘பேக்’ மிகை என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுபவர்கள் உண்டு. ‘3ஆம் பத்தியைப் பார்க்கவும்’ என்ற பொருளில் மிகைதான். ஆனால் ஒரு கோப்பை அது புறப்பட்ட குழுவுக்கே மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே ‘பேக்’ தேவை. வெட்டினால் வேறொருவருக்குப் புதிதாக அனுப்பியதாகப் பொருள் ஆகிவிடும்.

ரெஃபரலும் ரெஃபரன்ஸும் ஒன்றல்ல. மருத்துவர் நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்புவது ரெஃபரல். வேலைக்கு விண்ணப்பிப்பவரைப் பற்றித் தரும் சான்றுக் கடிதம் ரெஃபரன்ஸ். அதைத் தருபவர் ரெஃபரீ. ஆராய்ச்சிக் கட்டுரையை மதிப்பிடுபவரும் ரெஃபரீ. அதை வினையாக்கும்போது ‘ரெஃபரீட்’ என்று ஆர் ஒன்றும் ஈ இரண்டும் வரும். ரெஃபர்ட் என்று எழுதிவிட்டால் ‘மதிப்பிடப்பட்டது’ என்பது ‘அனுப்பப்பட்டது’ ஆகிவிடும்.

வரைவுநகல்

அழுத்த விதி உடனே பிடிபட்டது. டெஃபரின் இரண்டு பொருளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இன்டர்ஃபியர் (குறுக்கிடு), டைலேட் (விரிவடை) இரண்டையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாமா?

வேர்க்கால்

டெஃபர் உண்மையில் இரண்டு சொற்கள். ஒரே சட்டையைப் போட்டிருக்கின்றன. ‘ஒத்திவை’ என்பது லத்தீனின் திஃபெர்ரே, தனித்தனியே கொண்டுபோ என்பது. இடத்தால் விலக்கினால் வேறுபாடு, காலத்தால் விலக்கினால் தாமதம். லத்தீனில் இந்த ஒரே வினைக்கு இரண்டு பொருளும் இருந்தன. ஆங்கிலத்தில் முதல் அசையை அழுத்தியது டிஃபர், கடைசி அசையை அழுத்தியது டெஃபர் என்று பிரிந்துவிட்டது. ஒற்றைமெய் சொன்ன அழுத்தம் இங்கே ஒரு சொல்லையே இரண்டாக வெட்டியிருக்கிறது.

‘விட்டுக்கொடு’ என்பது வேறு லத்தீன் வினை: தெஃபெர்ரே, கீழே கொண்டுபோ, ஒருவர்முன் கொண்டுபோய் வை. முடிவை மூத்தவர் முன்னிலையில் வைத்துவிடுவது. அதனால் அதற்கு ‘டு’ கட்டாயம்: யாருக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்பது வர வேண்டும். ஒத்திவைப்புக்கு நேரடியாகச் செயப்படுபொருள் வரும்.

பெயர்ச்சொல்லில் குழப்பமே இல்லை. ஒத்திவைத்தால் டெஃபரல், டெஃபர்மென்ட். மதித்தால் டெஃபரன்ஸ், அதன் பெயரடை டெஃபரன்ஷியல். கணிதத்திலும் வண்டியின் பின் அச்சிலும் வருவது டிஃபரன்ஷியல், இரட்டை எஃப். தட்டச்சில் ஐ எழுத்து ஈயாகி ஒரு எஃப்பும் குறைந்தால் ‘வகைக்கெழுச் சமன்பாடு’ என்பது ‘பணிவான சமன்பாடு’ ஆகும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி அதைக் காட்டிக்கொடுக்காது. ‘டெஃபரன்ஸ் ஆஃப் ஒப்பீனியன்’ என்று அச்சாகும் பிழையும் இதே வகை.

இன்டர்ஃபியர் குடும்பத்தில் இல்லை. அது ஃபெரீரே, அடித்தல்; பழைய பிரெஞ்சில் ஒன்றையொன்று இடிப்பது. கடைசியில் ஈ எழுத்து இருப்பதே அடையாளம். அதனால் இறந்தகாலத்திலும் ஒரு ஆர். இன்டர்ஃபியரன்ஸில் அழுத்தம் நடுவிலேயே நிற்கும், ரெஃபரன்ஸ்போல முன்னுக்கு ஓடாது. இன்ஃபீரியர் (தாழ்ந்த) ‘இன்ஃபெருஸ்’ என்ற பெயரடையிலிருந்து வந்தது, இன்ஃபரோடு சம்பந்தமில்லை. படகுத்துறையின் ஃபெர்ரி பொருளால் ‘சுமந்து செல்வது’ போலவே இருந்தாலும் அது ஜெர்மானியச் சொல். ஃபெர்ரஸ் இரும்பைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வந்தது.

டைலேட்டில் இன்னும் நுட்பமான பொறி இருக்கிறது. லத்தீனில் மூன்று சொற்கள் ஒரே எழுத்தில்: லாத்துஸ் (சுமக்கப்பட்ட), லாத்துஸ் (அகலமான), லத்துஸ் (பக்கம்). முதல் இரண்டுக்கும் நெடில், மூன்றாவதற்குக் குறில். டைலேட்டும் லாட்டிடியூடும் அகலத்திலிருந்து. லேட்டரலும் வங்கியில் கேட்கும் கொலேட்டரலும் பக்கத்திலிருந்து. கடனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஈடு. கொலேட் மட்டும் சுமத்தலிலிருந்து. ஆகவே கொலேட்டும் கொலேட்டரலும் உறவில்லை, டைலேட்டும் டிலட்டரியும் உறவில்லை. டிலட்டரி என்றால் வேண்டுமென்றே இழுத்தடிக்கும். திஃபெர்ரேயின் ‘லாத்தும்’ வடிவம் அது, டெஃபருக்கு உடன்பிறப்பு. நீதிமன்ற ஆவணத்தில் ‘டிலட்டரி டாக்டிக்ஸ்’ என்று வந்தால் ‘விரிவான உத்திகள்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

நரம்பியல்வாசகன்

மருத்துவம் படிப்பவர்களுக்கு இதே குடும்பத்தில் ஒரு ஜோடி உண்டு: அஃபரன்ட், எஃபரன்ட். ‘அட்’ நோக்கி, ‘எக்ஸ்’ வெளியே. இரண்டும் எஃப்பாகத் திரிந்துவிட்டதால் காதில் ஒன்றுபோல ஒலிக்கும். அஃபரன்ட் நரம்பு உணர்வை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கொண்டுவரும். எஃபரன்ட் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும். சிறுநீரகத்தில் அஃபரன்ட் நுண்தமனி வடிமுடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும், எஃபரன்ட் வெளியே எடுத்துச்செல்லும். பொதுவாக உள்ளே வருவது விட்டத்தில் பெரியது, வடிகட்டத் தேவையான அழுத்தம் கிடைக்க அதுவும் ஒரு காரணம். விரிவுரையில் இவற்றைச் சொல்பவர்கள் முதல் உயிரை நீட்டி ‘ஏஃபரன்ட்’, ‘ஈஃபரன்ட்’ என்று வேண்டுமென்றே அழுத்துவது குழப்பம் தவிர்க்கத்தான். எந்த உறுப்பைப் பொறுத்து ‘உள்ளே’, ‘வெளியே’ என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்; ஒரே குழாய் ஓர் உறுப்புக்கு எஃபரன்டாகவும் அடுத்ததற்கு அஃபரன்டாகவும் இருக்கலாம். நிணநீர்க் கணுக்களின் வரிசையில் அப்படித்தான்.

மெய்ப்புமேசை

இன்னொன்று விட்டுப்போயிற்று. அடிக்குறிப்பில் வரும் ‘சி.எஃப்.’ என்பதும் கன்ஃபர்தான். லத்தீனில் ஏவல் வினை, ‘ஒன்றாகக் கொண்டுவந்து பார்’. தமிழ் ஆய்வு நூல்களில் ‘ஒ.நோ.’ என்று போடுகிறோமே, ஒப்புநோக்குக, அதேதான். வெறுமே ‘காண்க’ என்ற பொருளில் போடக் கூடாது. சான்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றால் ‘சீ’. வேறுபடும் அல்லது ஒத்துப்போகும் கருத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால்தான் ‘சி.எஃப்.’

வரைவுநகல்

அப்படியென்றால் அச்சிடும்போது திரையில் வரும் கொலேட் என்ற கட்டமும் இந்தக் கன்ஃபரின் மறுபாதியா?

மெய்ப்புமேசை

ஆமாம். 5 பக்க ஆவணத்துக்கு 3 படி கேட்டு அந்தக் கட்டத்தில் குறியிட்டால் 1 முதல் 5 வரை ஒரு தொகுதியாக மூன்று முறை வரும். குறியிடாவிட்டால் முதல் பக்கம் மூன்று, இரண்டாம் பக்கம் மூன்று என்று வரும். நீங்களே உட்கார்ந்து சேர்க்க வேண்டும்.